இரண்டு பேருக்கும் ஒரே பால்

ஞானசௌந்தரியின் குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளியை முதலில் பார்த்தவள் பிளாரன்ஸ்தான். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பகலில், திரேஸ்புரம் கடற்கரையில் இரண்டு பேரும் கட்டாக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானசௌந்தரி, பிளாரன்ஸின் அண்ணன் மரியானுடைய பெண்டாட்டி; மணப்பாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாத்தனாரும் மதினியும் ஒரே கடற்கரையில் வேலை பார்த்தால் சட்டி உருளும் என்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. ஒருத்தி மீனைக் கீறினால் மற்றவள் உப்பைத் திணிப்பாள். ஏலக்காரனிடம் ஒருத்தி வாயைக் கொடுத்தால், அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் மற்றவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

"மதினி, காலுல என்ன, மையா?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

உளுந்து அளவுக்குத்தான் இருந்தது. ஞானசௌந்தரி காலைத் திருப்பிப் பார்த்தாள், மணலில் தேய்த்தாள், கெளுத்தி முள் குத்தி உள்ளேயே நின்றிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த மீனைப் புரட்டினாள். வலி இல்லை. வலிக்காத காலைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை.

ஆனி மாதம் பிளாரன்ஸுக்குப் பெண் பிறந்தது. பேபி என்று கூப்பிட்டார்கள். அப்போது ஞானசௌந்தரியும் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு தங்கிய கரு. மரியான் சங்கு குளிக்கிறவன். எட்டுப் பாக ஆழத் தண்ணீரில் மூச்சடக்கி இறங்கி ஏறும் ஆள், பெண்டாட்டி சேதி சொன்ன அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினானாம். பிளாரன்ஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆவணியில் அந்தப் புள்ளி பழைய ஓரணாக் காசு அளவுக்கு வந்துவிட்டது. ஓரங்கள் மை பரவியதுபோலக் கோணல்மாணலாக விரிந்திருந்தன. நடந்தால் ரத்தம் கசிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். தொடையிடுக்கில் நெல்லிக்காய்போல ஒரு கட்டி தட்டுப்பட்டதும்தான் பிளாரன்ஸ் அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் சுந்தர்சிங் என்று ஒருவர் இருந்தார். நாசரேத்துப் பக்கத்து மனிதர். பேச்சு குறைவு. குதிகாலில் ஒரு துண்டு சதையை எடுத்து மதுரைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மரியானைத் தனியாகக் கூப்பிட்டார். ஞானசௌந்தரி பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலு என் காலு. எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். தோலின் கறுப்பிலிருந்து கிளம்புகிற புற்று. காலை எடுக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே காலைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. கடுமையான மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வயிற்றுப் பிள்ளை தாங்காது.

ஞானசௌந்தரி முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். "அப்ப பிள்ளை வரட்டும். பெறகு நீங்க காலை வெட்டுங்க, கையை வெட்டுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் மார்க்கெட்டில் நின்று முருங்கைக்காய் பேரம் பேசி வாங்கினாள். மரியான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

ஐப்பசி மழையில் எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். நாலு ராத்தல் எடைகூடத் தேறவில்லை. தங்குமா என்று சந்தேகப்பட்டு நர்சம்மாவே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். தாய் முன்பே நினைத்து வைத்திருந்த பெயர், ஜெசிந்தா. ஞானசௌந்தரிக்கு அப்போது மூச்சுவிடவே சிரமம். நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது. பால் சுரக்கவில்லை. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். பிள்ளை கக்கியது, வயிற்றாலும் போனது.

மூன்றாம் நாள் அவள் பிளாரன்ஸைக் கூப்பிட்டாள். "ஏளா, உனக்குத்தான் பேபி குடிச்ச பெறகும் மாரு கட்டிக்கிட்டுக் கெடக்கே. நீ குடு. இங்கன, என் பக்கத்துல உக்காந்து குடு. நான் பாக்கணும்."

பிளாரன்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்து ஜெசிந்தாவை மடியில் எடுத்தாள். எலிக்குஞ்சுபோல இருந்த பிள்ளை முதலில் தேடியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஞானசௌந்தரி தலையைத் திருப்பி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "நல்லாத்தான் உறிஞ்சுதா, திருடி" என்றாள். பதினாறு நாள் அப்படித் தினமும் பார்த்தாள். பதினேழாம் நாள் பார்க்க அவள் இல்லை.

அடக்கம் முடிந்து பிளாரன்ஸ் பிள்ளையைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மரியான் பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சங்குக் காலம் தொடங்கியிருந்தது. விடியுமுன் வள்ளம் ஏறிப் போவான். கரை ஏறியதும் நேராகத் தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்து, ஓலைக்கொட்டானில் பால்சுறாவை வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவான். பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாவைப்போல வேறில்லை. வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டாகக் கிண்டி பிளாரன்ஸ் தினமும் ஒரு சட்டி தின்றாள். தின்று தின்று வாயே சுறா நாற்றம் அடித்தது. ஆனால் பால் இரண்டு பிள்ளைக்கும் போதுமானதாக இருந்தது.

தை மாதம் ஒருநாள் பிளாரன்ஸ் காலை நீட்டி உட்கார்ந்து ஜெசிந்தாவைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் எண்ணெயை வழித்த கை ஓர் இடத்தில் நின்றது. தோலுக்கு அடியில் பட்டாணிபோல ஒன்று. நீலம் பாய்ந்த கறுப்பு. தலைமுடியை ஒதுக்கினாள். அங்கே இரண்டு.

பிளாரன்ஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. மிச்சத் தண்ணீரையும் ஊற்றி, துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, சட்டை போட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கோர் இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஒரு கட்டியிலிருந்து துளி சதை எடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துச் சுந்தர்சிங் அண்ணனையும் தங்கச்சியையும் சேர்த்து உட்காரவைத்தார். அவருடைய மேசையில் ஒரு தடித்த புத்தகம் விரித்துக் கிடந்தது.

"இது பிள்ளைக்குப் புதுசா வந்த நோய் இல்லம்மா" என்றார். "தாயோட நோய்தான். வயித்துல இருக்கும்போது ரத்தத்தோட ரத்தமா இந்தப் பக்கம் கடந்து வந்திருக்கு. புற்றுநோய் அப்படிக் கடக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். உலகத்துலயே விரல்விட்டு எண்ணிரலாம். நானே படிச்சதுதான், பார்த்தது இல்ல."

மரியான் தரையைப் பார்த்தபடியே, பிழைக்குமா என்று கேட்டான்.

"பெரும்பாலும் பிழைக்கிறது இல்ல." அவர் புத்தகத்தை மூடினார். "மருந்து குடுக்கலாம். இந்த எடைக்கு மருந்தே கொன்னுரும்னு பயப்படுறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தக் கட்டி தாயோட சதை. பிள்ளை உடம்பு வேற. இது நான் இல்லன்னு பிள்ளை உடம்பு கண்டுக்கிட்டா, அதுவே கட்டியை விரட்டிப்போடும். ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்ததா எழுதியிருக்காங்க."

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

"எடை ஏறணும். தெம்பு வரணும். தாய்ப்பால் குடுங்க. தொட்டாலோ பால் குடுத்தாலோ இது யாருக்கும் ஒட்டாது. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியலை."

தெருவுக்குள் பேச்சு கிளம்பியதற்கு பிளாரன்ஸ்தான் காரணம். மறைக்கத் தோன்றாமல், டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே நாலு வீடு தள்ளியிருந்த பிலோமியிடம் சொன்னாள். பிலோமி, பிளாரன்ஸின் புருஷன் இனிகோவுக்கு அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வாந்திபேதியில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். நோய் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் கை சிலுவை போட்டுவிடும். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயிகிட்ட இருந்து ரத்தத்துல வந்துச்சுன்னு டாக்டரே சொல்லுதாரு. ரத்தந்தானளா பாலா வருது? அது வாய் வச்ச மாருல எங்க வீட்டுப் பிள்ளையும் வாய் வைக்குதே" என்றாள்.

அடுத்த வாரத்துக்குள் தெருக்குழாயில் பிளாரன்ஸின் குடத்தை ஒட்டி யாரும் குடம் வைக்கவில்லை. கடற்கரையில் அவள் கருவாடு காயப்போட்ட பாயைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மணல் காலியாகக் கிடந்தது. ஞானசௌந்தரியின் இழவு வீட்டில் மாரடித்து அழுத அதே பெண்கள்தான். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்குத் திட்டத் தெரியும். தனியாக நின்ற குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாசியில் இனிகோ வந்தான். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகிற தோணியில் வேலை பார்ப்பவன். கரையில் கால் வைத்ததுமே அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பேபியைத் தூக்கிக் கொஞ்சினான், குளித்தான், சாப்பிட்டான். இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் குசினி வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"நான் அந்தப் பிள்ளையைத் தூக்கிப் போடச் சொல்லல. நமக்கும் மருமவதான். புட்டிப்பால் குடு."

கொடுத்துப் பார்த்ததையும் அது கக்கியதையும் அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

"அப்ப பேபிக்குப் புட்டிப்பால் குடு."

"ஏன் குடுக்கணும்? நான் என்ன நஞ்சா வச்சிருக்கேன்?"

இனிகோ குரலை உயர்த்தவில்லை. "வலது மாரு அவளுக்கு, இடது மாரு நம்ம பிள்ளைக்குன்னு நீ பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்குத. ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் பேச்சை நீயே நம்பலல்லா?"

பிளாரன்ஸ் அரிவாள்மணையில் மீனை வைத்து அறுத்தாள். அவன் சொன்னது உண்மை. முதுகில் கட்டியைக் கண்ட நாளிலிருந்து யாருக்கும் தெரியாமல் அப்படித்தான் செய்துவந்தாள். ஒருமுறை பேபி தூக்கக் கலக்கத்தில் வலது பக்கம் தாவியபோது பதறிப்போய் இழுத்ததில் பிள்ளை வீறிட்டு அழுதது. அன்றைக்குத் தன்மேலேயே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. குழாயடியில் குடத்தைத் தள்ளி வைக்கிறவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். நினைத்தும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலையில் ஜெசிந்தாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டி எத்தனை, எடை எவ்வளவு என்று டாக்டர் பார்க்க ஆரம்பித்தபோது தடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பேபி உங்க பிள்ளையா இருந்தா, இவ குடிச்ச மாருலயே உங்க சம்சாரத்தைக் குடுக்கச் சொல்லுவீயளா? புஸ்தகத்தைப் பாக்காம சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டென்று பதில் சொல்லாததுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. யோசித்தார். "சொல்லுவேன்" என்றார். "அவ பயப்படுவா. பக்கத்துல உட்கார்ந்து குடுக்கச் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்து பேபியையும் எடுத்துக்கொண்டு, தலையில் குடத்தைக் கவிழ்த்து, நேரே தெருக்குழாய்க்குப் போனாள். தண்ணீர் வருகிற நேரம். இருபது குடத்துக்கு மேல் வரிசையில் இருந்தது. பிலோமியும் நின்றாள். பிளாரன்ஸ் குடத்தை இறக்கி வைத்ததும் வழக்கம்போல முன்னும் பின்னும் இருந்த குடங்கள் நகர்ந்தன. அவள் குழாய்த் திண்டில் போய் உட்கார்ந்தாள். சேலையை ஒதுக்கி ஜெசிந்தாவை வலது மாரில் போட்டாள். பிள்ளை அவசரமாகக் குடித்தது. மண்டையில் இருந்த கட்டிகள் வெயிலில் நீலமாகத் தெரிந்தன. தலையை மூடியிருந்த துணியை பிளாரன்ஸே எடுத்துவிட்டாள்.

எதிரே வலை கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களில் இனிகோவும் இருந்தான். அவன் மட்டும் திருப்பவில்லை.

பாதி வயிறு நிறைந்ததும் ஜெசிந்தாவை எடுத்து மடியில் கிடத்தினாள். காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. பேபியைத் தூக்கி அதே வலது மாரில் வைத்தாள். பக்கத்தில் நின்ற பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பிலோமி அக்கா, எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்காதீய" என்றாள் பிளாரன்ஸ். "ஆனா எம் மதினி கட்டில்ல கெடந்துக்கிட்டு, நான் குடுக்கதைப் பதினாறு நாளு பாத்துட்டுப் போயிருக்கா. பாதியில நான் புடுங்க மாட்டேன். இனி எம் பிள்ளையும் அவ பிள்ளையும் ஒரே மாருலதான் குடிக்கும். பாக்கணும்னா எல்லாரும் வந்து பாத்துக்கிடுங்க. குடத்தைத் தள்ளி வைக்கவங்க தள்ளி வச்சுக்கிடுங்க. தண்ணி எனக்கும் வந்துதான் ஆவணும்."

பேபி சப்புக்கொட்டிக் குடித்தது. இனிகோ எழுந்து வந்தான். திரேஸ்புரத்தில் ஆம்பிளை குழாயடிக்கு வந்து குடம் தொடுவது கிடையாது. அவன் பெண்டாட்டியின் குடத்தைத் தூக்கி, நகர்ந்துபோன இரண்டு குடங்களுக்கு நடுவே அழுத்தி வைத்தான். முறை வந்ததும் நிறைத்து, தோளில் ஏற்றி, தண்ணீர் சிந்தச் சிந்த வீட்டைப் பார்த்து நடந்தான்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முழுக்கக் கட்டிகள் கூடின. மூன்று ஒன்பதாயின. மண்டையில் இருந்ததில் ஒன்று வெடித்து ரத்தம் வந்தது. சுந்தர்சிங் கட்டுப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். கோயில் உபதேசியார் வீட்டுப் பக்கம் வந்து, வெள்ளைத் துணி எடுத்து வைப்பது நல்லது, கடைசி நேரத்தில் அலைய வேண்டாம் பாரு என்று மெதுவாகச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பிளாரன்ஸ் அவருக்குக் காப்பி கொடுத்து, வெள்ளைத் துணி ஈஸ்டருக்குச் சட்டை தைக்க எடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். எடுத்துத் தைக்கவும் செய்தாள்.

பேபியின் உடம்பையும் தினமும் குளிப்பாட்டும்போது தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை. கொசுக் கடித்த தடிப்பையும் இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பாள். ஆனால் மாரை மட்டும் பிரிக்கவில்லை.

ஒருநாள் ஜெசிந்தாவைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்கையில், முதுகுக் கட்டியில் விரலை வைத்துக்கொண்டு சண்டைக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள். "மதினி, பிள்ளையை விட்டுப் போக மனசில்லாம ஒட்டிக்கிட்டு வந்துட்ட. சரி. பாத்துட்டல்லா? நான் இருக்கேன். இனி நீ போ. போவலன்னா நானே புடிச்சுத் தள்ளுவேன்." பேசிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் கொட்டானோடு மரியான் நின்றிருந்தான். எவ்வளவு நேரம் நின்றானோ. கொட்டானைக் கீழே வைத்தான். உள்ளே வந்து, தங்கச்சியின் காலடியில் குத்தவைத்து, முதல்முறையாக மகளின் முதுகில் கை வைத்தான். உப்பில் ஊறி வெடித்த கை. பிள்ளை கூசி நெளிந்தது. அவன் சிரித்தானா அழுதானா என்று பிளாரன்ஸ் பார்க்கவில்லை. தண்ணீர் ஆறிப்போகுமே என்று மோந்து ஊற்றினாள்.

ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம், கட்டிகளில் ஒன்றைச் சுற்றித் தோல் வெளுத்திருந்ததைக் கண்டாள். சோளப்பொரி நிறத்தில் ஒரு வளையம். புது வியாதி என்று நினைத்து ஓடினாள். சுந்தர்சிங் அதைப் பார்த்தார், தடவினார், மறுபடி தடவினார், ஸ்கேலை வைத்து அளந்து எழுதினார். வாராவாரம் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் வாரம் அளந்த பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சின்னதாகுதும்மா" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லவே அவருக்குப் பயமாக இருந்ததுபோலத் தெரிந்தது.

பட்டாணி உளுந்தானது, உளுந்து கடுகானது. ஆவணி பிறப்பதற்குள், பனிமய மாதா கோயில் திருநாள் முடிந்த வாரத்தில், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கட்டி இருந்த ஒன்பது இடத்திலும் வெள்ளைத் திட்டுகள் மட்டும் மிச்சம். ஏன் என்று டாக்டராலேயே முழுவதும் சொல்ல முடியவில்லை. பிள்ளை உடம்பு கண்டுக்கிட்டது என்றார். இனி வராது என்று எழுதித் தர முடியாது, வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்றார். பாலால்தான் சரியாயிற்றா என்று இனிகோ கேட்டதற்கு, அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் பால் இல்லையென்றால் சரியாகிற நாள்வரை பிள்ளை இருந்திருக்காது என்றார். பிளாரன்ஸுக்கு அந்தப் பதில் போதும்.

குழாயடியில் இப்போது வெள்ளைத் திட்டைப் பற்றிப் பேச்சு. வெண்குட்டமாக இருக்குமோ என்று யாரோ தொடங்க, பிலோமியே திரும்பிக் கேட்டாள்: "ஏளா, உனக்கு வாயில குட்டமா?" அதற்குமேல் அந்தப் பேச்சு ஓடவில்லை.

மறுவருஷம் சித்திரையில் பிளாரன்ஸ் இரண்டு பிள்ளைகளுக்கும் பாலை மறக்கடிக்க முடிவுசெய்தாள். பேபிக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது, ஜெசிந்தாவுக்கு ஒன்றரை. இரண்டும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தொங்கின. கருவாட்டு வேலைக்குப் போக முடியவில்லை. பிலோமி ஒரு சிரட்டையில் வேப்பெண்ணெய் கொண்டுவந்தாள். தானே கூட உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் தடவு, கஞ்சத்தனம் பண்ணாதே என்று இரண்டு பக்கமும் வழிய வழியத் தடவவைத்தாள்.

பேபிதான் முதலில் வந்தாள். ஒரு வாய் வைத்தாள். முகம் கோணி, துப்பி, அம்மாவை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, அழுதுகொண்டே அப்பனிடம் ஓடிவிட்டாள்.

அடுத்தது ஜெசிந்தா. வாய் வைத்தாள். உடம்பெல்லாம் ஒருமுறை குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தலையைப் பின்னால் இழுத்து, பிளாரன்ஸின் முகத்தையும் பிலோமியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் காம்பை இரண்டு தேய் தேய்த்தாள். கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி வாய் வைத்து, முகத்தைச் சுளித்தபடியே, கண்ணை இறுக மூடிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தாள்.

"இன்னும் தடவட்டுமா?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

பிலோமி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரட்டையில் மிச்சமிருந்த எண்ணெயை வாசல் முருங்கைத் தூரில் ஊற்றிவிட்டு, "குடிச்சுட்டுப் போறா, விடு" என்று சொல்லி எழுந்து போனாள்.